கை நனைத்தல்: விருந்து என்றால் உண்மையில் என்ன?

வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வெளியே வந்தால், மண்டப வாசலிலேயே இரண்டு பேச்சு காதில் விழும். "பிரியாணில பீஸே இல்லபா, இதெல்லாம் ஒரு விருந்தா?" என்பது ஒன்று. "சோத்துக்கே ரெண்டு லட்சமாம், எதுக்கு இந்த வீண் செலவு?" என்பது இன்னொன்று. ஒருவருக்குப் போதவில்லை, மற்றவருக்கு அதிகமாகப் படுகிறது. இரண்டு பேரும் பேசுவது என்னவோ சோற்றைப் பற்றித்தான்.

விருந்து என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறோம். ஓட்டல் பலகையில் விருந்து, டிவி விளம்பரத்தில் விருந்து, பாட்டு நன்றாக இருந்தால் காதுக்கு விருந்து. எல்லா இடத்திலும் அதற்கு 'நிறைய', 'ருசியாக' என்று மட்டுமே பொருள். அதனால் விருந்தைப் பற்றிய சண்டைகள் பாதிக்கு மேல் தப்பான இடத்தில் தொடங்குகின்றன. இலையில் என்ன இருந்தது என்று கேட்கிறோம். யார் கூப்பிட்டார், யார் வந்தார், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், யார் வரவில்லை என்று கேட்டால்தான் விருந்து பிடிபடும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். படிக்க எந்த முன்னறிவும் வேண்டாம். நான்கு கல்யாணம், இரண்டு காரியம் பார்த்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஒரு டம்ளர் காபியில் தொடங்குவோம்

எங்கள் பக்கம் தண்டையார்பேட்டையில் 'கை நனைப்பது' என்று சொல்வார்கள். ஒரு வீட்டில் சாப்பிடுவதற்கு அதுதான் பெயர். தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் இந்தச் சொல் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் பஜ்ஜி, காபியோடு நிறுத்திக்கொண்டு, "பேச்சு முடியட்டும், அப்புறம் வந்து கை நனைக்கிறோம்" என்பார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சண்டையில் பிரிந்த அண்ணன் தம்பி, "இனிமே உன் வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் அது கெட்ட வார்த்தையைவிடக் கனமானது. பத்து வருடம் கழித்து சமாதானம் பேசும் பெரியவர்கள் கையெழுத்து எதுவும் கேட்பதில்லை. "ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்பார்கள். சாப்பிட்டுவிட்டால் சண்டை முடிந்தது.

அந்த வாய்ச் சோற்றில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சமாதானத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒருவர் கையால் போட்டதை இன்னொருவர் வாயில் வைப்பதில், உன்னை நம்புகிறேன், உன்னோடு சேர்ந்தவன் நான் என்ற இரண்டு செய்தியும் வாய் திறக்காமலே போய்ச் சேர்கின்றன.

சேர்ந்து உண்பதால் உறவு உண்டாவதை சமூகவியலில் உடனுண்ணல் என்பார்கள். உறவாக இருப்பதால் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது உண்மைதான். ஆனால் சேர்ந்து சாப்பிடச் சாப்பிடத்தான் உறவாகிறோம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. மண்ணடிப் பக்கம் குடியிருக்கும் காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்களின் கல்யாணங்களில் 'சஹன்' என்ற பெரிய தட்டைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேரோ நான்கு பேரோ அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். முன்பின் தெரியாத ஆள் எதிரே உட்கார்ந்து, கறித்துண்டை உங்கள் பக்கம் ஒதுக்கித் தள்ளுவார். அந்த ஒரு தள்ளலுக்குப் பிறகு அவர் உங்களுக்கு அந்நியர் இல்லை.

ஆயாவின் மொய் நோட்டு

சரி, சாப்பிட்டாயிற்று, உறவு உண்டாயிற்று. அது எப்படி வருடக்கணக்கில் நிற்கிறது? எங்கள் வீட்டு மொய் நோட்டைக் காட்டினால் எளிதாகப் புரியும்.

என் மாமா கல்யாணத்து நோட்டு அது. நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு, முதல் பக்கத்து மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். 'ரூ. 11', 'ரூ. 21', 'எவர்சில்வர் தூக்கு 1', 'ரூ. 5' என்று வரிசையாக எழுத்து. பல வரிகளின் மேல் நீல மையில் ஒரு கோடு இழுத்திருக்கும். அந்த வீட்டு விசேஷத்துக்கு ஆயா போய்த் திருப்பிச் செய்துவிட்டதற்கு அடையாளம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர். யார் பெயர் எந்த வரி என்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, கோடு மட்டும் தன் கையால் இழுப்பார்.

கோடு விழாமல் ஒரு வரி ரொம்ப நாள் நின்றது. அஞ்சு ரூபாய். தெருமுனையில் இட்லி சுட்டு விற்ற ஒரு அம்மா வைத்தது. பிறகு அவர்கள் குடிசையைக் காலி செய்யச் சொல்லி ஊருக்குத் தெற்கே கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள், தொடர்பு விட்டுப்போயிற்று. அந்த அம்மாவின் பேத்திக்குக் கல்யாணம் என்று யார் மூலமாகவோ தகவல் வந்ததும், ஆயா இரண்டு பஸ் மாறிப் போய் 501 ரூபாய் வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். வந்தவுடன் நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

இதைக் கடன் என்று சொன்னால் ஆயாவுக்குக் கோபம் வரும். ஆனாலும் இதில் ஒரு விதி இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ல் வெளியான ஒரு கட்டுரையில், உலகின் பல சமூகங்களின் கொடைப் பழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து மூன்று கடமைகளைச் சொன்னார். கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததை இங்கே கொடை வட்டம் என்று வைத்துக்கொள்வோம். கூப்பிடாமல் விட்டால் மனத்தாங்கல், கூப்பிட்டும் போகாமல் இருந்தால் அவமானம், போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சு. வட்டம் எங்கே அறுந்தாலும் வலிக்கும்.

நம் ஆட்களின் நுட்பம் அந்த ஒற்றை ரூபாயில் இருக்கிறது. நூறு வைக்காமல் 101 வைக்கிறோம், ஐந்நூறு வைக்காமல் 501. முழு எண்ணாக வைத்தால் கணக்கு முடிந்துபோகும், ஒரு ரூபாய் கூட வைத்தால் தொடரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடைக்காரரிடம் பாக்கியைத் தீர்த்தால் நிம்மதி. உறவில் பாக்கியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டால், "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று ஆகிவிடும். அதனால் கொஞ்சம் கூடவோ குறையவோ வைத்து, பாக்கியை உயிரோடு விட்டுவைக்கிறோம்.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் இது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. அங்கே கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே பத்திரிகை அடித்து, கறிச் சோறு போட்டு, மொய் வாங்குகிறார்கள். வட்டியில்லாமல் கிடைக்கும் அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள். பிறகு மற்றவர்கள் முறை வரும்போது கூடுதலாகப் போட்டுத் திருப்புவார்கள். பேங்க் செய்யும் வேலையை ஒரு வாழை இலை செய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒரு பந்தியில் உண்பது உறவை உண்டாக்குகிறது, அது உடனுண்ணல். கொடுத்து, வாங்கி, திருப்பிச் செய்வது அந்த உறவை நாள்பட நிறுத்துகிறது, அது கொடை வட்டம்.

அன்னதானம் விருந்து ஆகுமா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நூறு பேருக்குச் சோறு போட்டால் அது விருந்துதானே என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், இரண்டும் வேறு.

விருந்துக்கு வந்தவர் நாளைக்கு என்னைக் கூப்பிடுவார். தானத்தில் சாப்பிட்டவர் யாரென்றே எனக்குத் தெரிய வேண்டியதில்லை. திரும்பி வராது என்று தெரிந்தே கொடுப்பதுதான் தானத்தின் பெருமை. வட சென்னைக்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. வள்ளலார் இளமையில் வாழ்ந்தது ஏழுகிணறு வீராசாமி தெருவில். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வடிவுடையம்மனைக் கும்பிட்டு வருவார். ஒருநாள் நேரமாகி, வீட்டுக் கதவு சாத்திவிட, திண்ணையில் பசியோடு படுத்திருந்தவருக்கு அந்த அம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டதாக இன்றும் அந்தத் தெருவில் சொல்வார்கள். அவர்தான் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் எதுவும் பார்க்காமல் பசி என்று வந்தவருக்கெல்லாம் சோறு போடுகிறார்கள்.

தானம் பசியைப் போக்குகிறது, விருந்து தனிமையைப் போக்குகிறது. தானத்தில் ஒரு சிக்கலும் உண்டு. வாங்குகிறவர் எப்போதும் வாங்குகிறவராகவே இருந்துவிடுகிறார். ஆயா நோட்டிலிருந்த இட்லிக்கார அம்மா அஞ்சு ரூபாய் வைத்ததால்தான் ஆயாவுக்குச் சமமாக நின்றார். அந்த அஞ்சு ரூபாயை "வேணாம்மா, உனக்கெதுக்குச் சிரமம்" என்று யாராவது தள்ளியிருந்தால், இரக்கம் போலத் தெரிந்தாலும் அது அவரைக் கீழே இறக்கியிருக்கும். மோஸ் சொன்ன மூன்றில் 'வாங்கிக்கொள்வது' ஏன் ஒரு கடமை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆடிக் கூழ்: யாரும் விருந்தாளி இல்லாத விருந்து

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எந்தத் தெருவில் நுழைந்தாலும் வேப்பிலைத் தோரணமும் ஸ்பீக்கரும் அம்மன் கோயில் வாசலில் ஒரு பெரிய அண்டாவும் இருக்கும்.

எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். பையன்கள் ரசீது புத்தகத்தோடு ஒரு வாரம் முன்னாலேயே வசூலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் கூழ் ஒரே இடத்தில் காய்ச்சுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சனிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யைக் குழைய வேகவைத்து, மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, மறுநாள் காலையில் தலையில் குடத்தோடு கோயிலுக்கு வருவார்கள். ஒரு வீட்டுக் கூழ் புளிப்பு ஏறியிருக்கும். இன்னொரு வீட்டில் கெட்டி. இன்னொருவர் மோர் தாராளமாக விட்டிருப்பார். எல்லாக் குடமும் அந்த ஒரே அண்டாவில் கவிழும். மேலே ஒரு கூடை சின்ன வெங்காயம் விழும். ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று நீளத் துடுப்பால் கலக்குவார். ஐந்து நிமிடம் கலக்கிய பிறகு, எது யார் வீட்டுக் கூழ் என்று எந்தக் கெட்டிக்காரராலும் பிரிக்க முடியாது.

அப்புறம் தூக்குவாளி, சொம்பு, பிளாஸ்டிக் குடம் என்று கையில் கிடைத்ததை நீட்டிக்கொண்டு தெருவே வரிசையில் நிற்கும். முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு தொட்டுக்கொள்ள. கூழ் கொண்டுவந்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.

இதில் கூப்பிட்டவர் யார், வந்தவர் யார்? பிரிக்க முடியாது. எல்லோரும் ஊற்றி, எல்லோரும் மொண்டுகொள்வதற்குப் பொதுத் திரட்டு என்று பெயர். மொய் இரண்டு வீட்டுக்கு நடுவில் நூல் கட்டுகிறது. கூழ் தெரு முழுவதையும் ஒரு வீடாக்குகிறது. ரமலான் மாதத்தில் ராயபுரம், மண்ணடிப் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் இதற்குப் பக்கத்துச் சொந்தம்தான். பள்ளிவாசல்களுக்கு அரசு பச்சரிசி ஒதுக்குகிறது, ஜமாத்தார் மற்றதைச் சேர்க்கிறார்கள், சாயங்காலம் நோன்பு இல்லாத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் தூக்கோடு வந்து நிற்கும்.

பந்தியில் இல்லாதவர்

விருந்து சேர்க்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. சேர்க்கும் எதுவும் விலக்கவும் செய்யும். யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதுதான் உறவின் எல்லை என்றால், யாரோடு உண்ண மாட்டேன் என்பதும் ஒரு எல்லைக் கோடு. சாதி இத்தனை நூற்றாண்டு நின்றது இரண்டு கதவுகளால்: ஒன்று கல்யாணம், இன்னொன்று பந்தி.

1920களில், காங்கிரஸ் பணமும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலம் என்ற உறைவிடப் பள்ளியில் இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டது தெரியவந்தபோது, அது தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. 1925-ல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதன் பின்னணியில் இதற்கும் பங்குண்டு. சோற்றுத் தட்டுக்கு இவ்வளவு அரசியலா என்று அன்றும் கேட்டார்கள். உடனுண்ணல் என்ன செய்யும் என்று தெரிந்தால் அந்தக் கேள்வி வராது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று கோயில்களில் அரசு பொது விருந்து நடத்துவதும், அமைச்சர்கள் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அந்தக் கதவை உடைக்கத்தான்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கோடு இருக்கிறது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று ஓடி, கடைசிப் பந்தியில் உட்காருவது யார்? காலையிலிருந்து வெங்காயம் உரித்த பெண்கள். வடை தீர்ந்திருக்கும், ரசம் ஆறியிருக்கும். விருந்தின் மேல் எனக்கு இருக்கும் பாசத்தோடு சொல்கிறேன், இந்த வழக்கம் மாறியே ஆக வேண்டும். மாறிய வீடுகளையும் பார்த்துவிட்டேன். பரிமாறும் வாளியை ஆண்கள் வாங்கிக்கொண்டால் போதும்.

அப்படியானால் வீண் செலவு இல்லையா?

கனடாவின் பசிபிக் கடற்கரையில் வாழும் பூர்வகுடிகளிடம் 'பாட்லாட்ச்' என்ற விருந்து உண்டு. பெயர் சூட்டவும், இறந்தவரை நினைக்கவும், தலைமையை நிலைநாட்டவும் ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, போர்வை முதல் படகு வரை வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதிகம் கொடுத்தவருக்குத்தான் அதிக மரியாதை. வீண் செலவு, காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி 1885 முதல் அரசு அதைத் தடை செய்தது. ஆட்களைப் பிடித்துச் சிறையில் போட்டது, விருந்துச் சடங்கில் அணியும் முகமூடிகளைப் பறித்தது. மக்கள் மறைவாக நடத்திக்கொண்டே இருந்தார்கள். 1951-ல்தான் சட்டத்திலிருந்து அந்தத் தடை போயிற்று. விருந்துதான் அவர்களுக்குப் பத்திரப்பதிவு, பரம்பரைச் சாட்சி, ஆபத்துக்கு உதவும் சேமிப்பு எல்லாமே. அதைத் தின்று தீர்ப்பதாக மட்டும் பார்த்தவர்களுக்கு அது புரியவில்லை.

அதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்கி ஐந்நூறு இலை போடுவதை நியாயப்படுத்த மாட்டேன். எங்கள் தெருவிலேயே மஞ்சள் நீராட்டுக்கு வாங்கிய கடனுக்கு ஆட்டோவை விற்ற குடும்பம் இருக்கிறது. மண்டபக்காரருக்கும் டெக்கரேஷனுக்கும் போகும் பணம் யாருக்கும் உறவாகத் திரும்பி வராது. சாப்பிட்டவரிடம் போனது வரும். எங்கே குறைக்கலாம் என்று கேட்டால் என் பதில், இலையிலும் ஆளிலும் கை வைக்காதீர்கள், மேடைப் பூவில் கை வையுங்கள்.

துக்க வீட்டில்

சந்தோஷத்துக்குத்தான் விருந்து என்பதும் தவறான எண்ணம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்திலிருந்து காபியும் இட்லியும் வரும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே வீட்டில் அடுப்பு மூட்டி ஊருக்குச் சோறு போடுவார்கள். மீண்டும் உங்களோடு சேர்ந்துவிட்டோம் என்று அந்த வீடு அறிவிக்கும் விதம் அது. இது நேற்று வந்த வழக்கம் இல்லை. இஸ்ரேலில் ஹிலாசோன் தாக்திட் என்ற குகையில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் குறைந்தது 71 ஆமைகளையும் சில காட்டு மாடுகளையும் சமைத்துத் தின்ற எச்சம் கிடைத்திருக்கிறது. பயிர்த்தொழில் வேரூன்றுவதற்கும் முன்பே மனிதர்கள் காரியச் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்.

வருவிருந்து

கடைசியாக, அந்தச் சொல்லுக்கே வருவோம். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. அதிலிருந்து புதிதாக வந்தவர் என்ற பொருள் வந்தது. திருக்குறளில் 'செல்விருந்து', 'வருவிருந்து' என்று வருவதெல்லாம் ஆட்களைத்தான், சாப்பாட்டை இல்லை. வாசலில் புதிதாக வந்து நிற்கும் ஆளுக்குப் பெயர் விருந்து. அவருக்குப் போட்ட சோற்றுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் தெருவில் ஒரு மாடிக்கு ஒடிசா பையன்கள் ஐந்து பேர் குடிவந்தார்கள், துறைமுகப் பக்கம் லோடு வேலை. ஆடி முதல் ஞாயிறு, படிக்கட்டில் நின்று அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடுப்பு பிடித்திருந்த அண்ணன் கையைக் காட்டிக் கூப்பிட்டு, ஒரு சொம்பில் கூழை ஊற்றி, வெங்காயத்தைப் போட்டு நீட்டினார். அவர்களில் சின்னப் பையன் ஒரு வாய் குடித்தான், நிறுத்தினான், இன்னொரு வாய் குடித்தான். "மண்டியா," என்றான். எங்களுக்குப் புரியவில்லை. கோராபுட் பக்கத்து ஊராம் அவன். அங்கே கேழ்வரகுக்கு மண்டியா என்று பெயர். அவன் அம்மாவும் அதைப் புளிக்கவைத்து இப்படித்தான் கஞ்சி காய்ச்சுவாளாம், 'மண்டியா பேஜ்' என்பார்களாம்.

அடுத்த ஞாயிறு வரிசை தொடங்கும் முன்பே மாடியிலிருந்து இரண்டு பேர் ஒரு அலுமினியக் குண்டானைத் துணியால் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அது எங்கள் கூழைவிடத் தண்ணீராக இருந்தது. அண்ணன் ஸ்டூலிலிருந்து குனிந்து குண்டானை வாங்கி அண்டாவில் கவிழ்த்துக் கலக்கினார்.